பயிற்சி முடிந்த மறுவாரம் ஆசிரியருடன் யார் இருப்பார்?

கேள்வி: தென்தமிழ்நாட்டில் ஒரு தன்னாட்சிக் கலை அறிவியல் கல்லூரியில் இணைப்பேராசிரியராக இருக்கிறேன். அகத் தர உறுதிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பும் என்னிடம் உள்ளது. சென்ற ஆண்டு எங்கள் ஆசிரியர்கள் 140 பேருக்கும் இணையவழிக் கற்பித்தலுக்கான மூடில் மென்பொருளில் ஐந்து நாள் பயிற்சி நடத்தினோம். வெளியூரிலிருந்து வல்லுநர்கள் வந்தார்கள். ஆளுக்கொரு பாடப்பக்கம் உருவாக்கினார்கள். எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தோம். இப்போது திறந்து பார்த்தால், பெரும்பாலான பக்கங்களில் இரண்டு மூன்று பிடிஎஃப் கோப்புகளைத் தவிர வேறொன்றும் இல்லை. மூத்தவர்கள் கரும்பலகை போதும் என்கிறார்கள். தமிழ்த்துறையினர் இவையெல்லாம் அறிவியல் பாடங்களுக்கு உரியவை என்று ஒதுங்குகிறார்கள். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரவிருப்பதால் வரும் ஜூனில் மீண்டும் ஐந்து நாள் பயிற்சி நடத்தும்படி முதல்வர் சொல்லியிருக்கிறார். அதே தவற்றை மறுபடி செய்ய எனக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

கல்லூரி ஆசிரியர்களுக்குக் கற்பித்தல் தொழில்நுட்பப் பயிற்சி அளிப்பதே என் வேலை. தங்கள் கடிதத்தில் உள்ள நிலைமையை நான் பல கல்லூரிகளில் கண்டிருக்கிறேன். அவற்றுள் சில நானே பயிற்சி நடத்திய கல்லூரிகள். தொடக்க ஆண்டுகளில் நானும் மூன்று நாள், ஐந்து நாள் என்று நடத்திவிட்டு, கடைசி நாள் மாலை எல்லோரும் கைதட்டியதை வெற்றி என்று எண்ணிக்கொண்டு ஊர் திரும்பினேன். அடுத்த பருவத்தில் அதே கல்லூரிக்கு வேறொரு வேலையாகப் போனபோதுதான் அந்தப் பாடப்பக்கங்கள் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்தேன். ஆகவே, உங்கள் ஆசிரியர்களுக்கு ஆர்வம் இல்லை என்றோ திறமை இல்லை என்றோ முதல்வரிடம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் ஐந்து நாளும் உட்கார்ந்து கற்றிருக்கிறார்கள். கற்றதை வகுப்புக்குக் கொண்டுபோன அந்த முதல் வாரத்தில்தான் அவர்களுடன் யாரும் இல்லை.

ஆசிரியர் பயிற்சியைப் பற்றி 1980ஆம் ஆண்டிலேயே புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதை எழுதினார்கள். ஒரு புதிய முறையை விளக்குவது, செய்து காட்டுவது, பயிற்சிக்கூடத்தில் செய்துபார்க்க வைப்பது, அதில் உள்ள பிழைகளைச் சொல்வது ஆகியவற்றால் மட்டும் அந்த முறை வகுப்பறைக்குள் போய்ச் சேர்வது அரிது என்றும், ஆசிரியர் தம் சொந்த வகுப்பில் அதைச் செய்யும் காலத்தில் ஒருவர் உடனிருந்து துணைசெய்தால்தான் அது நிலைக்கும் என்றும் அவர்கள் வாதிட்டார்கள். கணினி வகுப்பறைக்குள் வருவதற்கு முன் எழுதப்பட்டதுதான் என்றாலும், உங்கள் கல்லூரியின் வெற்றுப் பக்கங்களுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் கண்டதில்லை.

நம் நாட்டில் இந்தப் பயிற்சி வளர்ந்த விதமும் ஒரு காரணம். 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி, அதற்கு அடுத்த ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு, பணியிலுள்ள கல்லூரி ஆசிரியர்களுக்கான அகாடமிக் ஸ்டாஃப் கல்லூரிகளைத் தொடங்கியது. அவை 2015இல் மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2023 முதல் மாளவியா இயக்கத்தின் பயிற்சி மையங்களாக இயங்குகின்றன. பெயர் மாறினாலும் முறை பெரிதும் மாறவில்லை. ஆசிரியர் வகுப்பை விட்டுச் சில வாரம் வெளியே போகிறார், கேட்கிறார், சான்றிதழோடு திரும்புகிறார், அந்தச் சான்றிதழ் பதவி உயர்வுக் கோப்பில் சேர்கிறது. நல்ல உரைகளை நான் அங்கே கேட்டிருக்கிறேன், குறைசொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆயினும் பயிற்சி என்றாலே வகுப்புக்கு வெளியே நடப்பது, நாட்கணக்கில் முடிவது என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் ஊறிவிட்டது. உங்கள் முதல்வர் கேட்கும் ஐந்து நாளும் அந்த எண்ணத்திலிருந்து வந்ததுதான்.

ஆகவே என் முதல் யோசனை கணக்கு சார்ந்தது. ஐந்து நாள், நாளுக்கு ஆறு மணி என்றால் 30 மணி நேரம். ஜூனில் இரண்டு நாள் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; அது 12 மணி நேரம். மீதி 18 மணி நேரத்தைப் பருவத்தின் 90 வேலைநாட்களுக்குள், அதாவது 18 வாரங்களுக்குள், வாரம் ஒரு மணி என்று பிரித்துவிடுங்கள். முதல்வர் கேட்ட 30 மணி நேரம் குறையவில்லை. ஒரு ரூபாய் கூடுதல் செலவும் இல்லை. ஆனால் 140 பேரை ஒரே நேரத்தில் இப்படிக் கவனிக்க முடியாது. முதல் பருவத்தில் ஏழு துறைகளிலிருந்து துறைக்கு இருவராக 14 பேரை மட்டும் எடுங்கள். மற்ற 126 பேருக்கு அரைநாள் போதும்; கடவுச்சொல்லைச் சரிபார்க்கவும், மாணவர் பட்டியல் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கவும் அதுவே தாராளம். இருவர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. துறையில் ஒருவர் மட்டும் புதிதாக ஒன்றைச் செய்தால் அது அவருடைய தனி ஆர்வமாகப் பேசப்பட்டு அத்தோடு நின்றுவிடும். அந்த இருவரில் ஒருவர் ஐம்பது வயதைக் கடந்தவராக இருக்கட்டும்.

அந்த இரண்டு நாளில் என்ன செய்வது என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன், ஏனெனில் பெரும்பாலான பயிற்சிகள் தடம்புரள்வது இங்கேதான். வழக்கமான நிகழ்ச்சி நிரல் மென்பொருளின் பொத்தான்களை வரிசையாகக் காட்டுகிறது: பாடப்பக்கம் உருவாக்குதல், கோப்பு ஏற்றுதல், ஒப்படைப்பு, வினாடி வினா, மதிப்பெண் பட்டியல். பயிற்சி இப்படிப் போனால் ஆசிரியர் தமக்கு மிக எளிதாக வருவதைப் பிடித்துக்கொள்வார். அது கோப்பு ஏற்றுவதுதான். மூடில் பிறந்த கதை இதற்கு நேர்மாறானது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வேறொரு வணிக மென்பொருளைப் பராமரித்துவந்த மார்ட்டின் டூகியமாஸ் என்பவர், மாணவர்கள் தாமே எதையேனும் செய்து ஒருவருக்கொருவர் காட்டிக் கற்க வேண்டும் என்ற எண்ணத்தோடு இதை எழுதி, 2002இல் இலவசமாக வெளியிட்டார். அந்த மென்பொருள் நம் கல்லூரிகளில் பிடிஎஃப் வைக்கும் பீரோவாக நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எனவே பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரையும் சென்ற பருவத்தின் அகமதிப்பீட்டு விடைத்தாள் கட்டு ஒன்றைக் கையோடு எடுத்துவரச் சொல்லுங்கள். முதல் நாள் காலையில் கணினியைத் திறக்கவே வேண்டாம். கட்டைப் பிரித்து, மாணவர்கள் எந்த இடத்தில் மீண்டும் மீண்டும் தவறுகிறார்கள் என்று ஒரே ஓர் இடத்தைக் கண்டுபிடிக்கட்டும். அந்த இடம் ஆசிரியருக்கு ஏற்கெனவே தெரியும். இருபது ஆண்டாகச் சிவப்பு மையால் சுழித்துவருகிறவர் அவர்தான். அந்த ஓர் இடத்துக்கு மட்டும் பிற்பகலில் கருவியைத் தேடுவோம். இப்படித் தொடங்கினால் மூத்த ஆசிரியர்தான் அறையில் அதிகம் தெரிந்தவர் ஆகிறார். இளையவர் அவருக்கு விசைப்பலகையில் துணையாகிறார்.

உங்கள் தமிழ்த்துறையினருக்காகவே ஓர் எடுத்துக்காட்டு. யாப்பிலக்கணம் நடத்திய ஒரு பேராசிரியர் கொண்டுவந்த விடைத்தாள்களில், சொல்லை அசைகளாகப் பிரித்து வாய்பாடு சொல்லும் அலகிடுதல்தான் மாணவர்கள் சறுக்கிய இடம். 'மாணவன்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டோம். மா என்ற நெடில் தனித்து நேரசை. ணவன் என்பது குறிலிணை ஒற்றடுத்து நிரையசை. ஆகவே வாய்பாடு கூவிளம். ஆனால் விடைத்தாள்களில் சிலர் புளிமா என்று எழுதியிருந்தார்கள், வேறு சிலர் தேமாங்காய் என்று எழுதியிருந்தார்கள். பேராசிரியர் இரண்டுக்கும் ஒரே சுழி போட்டிருந்தார். ஏன் அப்படி எழுதியிருப்பார்கள் என்று கேட்டபோது, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிறிது யோசித்தார். புளிமா என்றவன் மாண, வன் என்று பிரித்திருக்கிறான். இரண்டு எழுத்து சேர்ந்தாலே நிரை என்று நினைக்கிறான், நெடில் முன்வந்தால் இணையாது என்பது அவனுக்குப் பதியவில்லை. தேமாங்காய் என்றவன் மா, ண, வன் என்று எழுத்துக்கு எழுத்து வெட்டியிருக்கிறான். குறிலிணை என்ற ஒன்றையே அவன் அறியவில்லை. தவறு இரண்டு வகை, மருந்தும் இரண்டு வகை.

இந்த வினாவை மூடிலில் நான்கு விடைகளோடு அமைத்தோம். ஒவ்வொரு தவறான விடைக்கும் தனித்தனியே ஒரு பின்னூட்டம் எழுத அதில் இடம் உண்டு. புளிமாவைத் தொட்ட மாணவருக்கு 'முதல் எழுத்து நெடிலா குறிலா என்று பாருங்கள்' என்றும், தேமாங்காயைத் தொட்டவருக்கு 'நடுவில் நிற்கும் குறிலுக்குப் பின் என்ன வருகிறது?' என்றும் பேராசிரியர் தாமே தட்டச்சு செய்தார். மறுநாள் வகுப்புக்குப் போகும் முன், எத்தனை பேர் எந்தத் தவற்றில் நிற்கிறார்கள் என்பது அவருக்குத் திரையில் தெரிந்தது. அன்று அவர் கரும்பலகையில்தான் பாடம் நடத்தினார். ஆனால் எதை நடத்த வேண்டும் என்று அறிந்து நடத்தினார். கரும்பலகை போதும் என்று சொல்லும் மூத்தவர்களிடம் இதைச் சொல்லுங்கள். கரும்பலகையை யாரும் அவர்களிடமிருந்து பறிக்கப்போவதில்லை.

தமிழ்த்துறை ஒதுங்குவதற்கு வெளியே சொல்லாத இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். அதை நேரில் போய்ப் பாருங்கள். பல தமிழ்ப் பேராசிரியர்களின் பல்லாண்டுக் குறிப்புகள் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றை நகலெடுத்து மூடிலில் ஒட்டியவுடன் தமிழ் மறைந்து, பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வரிசையாக நிற்கும். மற்ற துறையினர் முன்னிலையில் ஒருமுறை இப்படி நேர்ந்தால் யாரும் அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள். தமிழ்நாட்டு அரசு 2010ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்றுக்கொண்டுவிட்டது. பழைய கோப்புகளை மாற்ற என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் உண்டு. தமிழ்த்துறைக்கு முதல் அமர்வு எழுத்துரு மாற்றமும் தமிழ்99 விசைப்பலகையுமாகவே இருக்கட்டும். தம் பல்லாண்டுக் குறிப்புகளைக் காப்பாற்றிக் கொடுத்தவரை அவர்கள் மறக்க மாட்டார்கள். பிறகு நீங்கள் சொல்வதையும் கேட்பார்கள்.

இரண்டாவது நாளில் ஆசிரியர்களை மாணவர் இருக்கையில் உட்கார வையுங்கள். மாணவர் கணக்கில், தம் கைபேசியில், தம் சொந்த டேட்டாவில், இரவு வீட்டிலிருந்து ஒரு சிறு ஒப்படைப்பை முடித்து அனுப்பட்டும். 80 பக்கம் ஸ்கேன் செய்த பிடிஎஃப் சிறு திரையில் எப்படித் தெரிகிறது, பதிவிறங்க எவ்வளவு நேரம் ஆகிறது, பார்வைக் குறைபாடுள்ள மாணவரின் திரைவாசிப்பான் அந்தப் பக்கத்தில் ஏன் ஊமையாகிறது என்பதையெல்லாம் நான் உரையில் பலமுறை சொல்லிப் பயன் இருந்ததில்லை. ஓர் இரவு அவர்களே பட்டபின் மறுநாள் காலை அந்தக் கோப்புகளை அவர்களே நீக்கினார்கள். மும்பை ஐஐடியின் கல்வித் தொழில்நுட்பத் துறையினர் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்காக வடிவமைத்த பயிற்சிகளில் இதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார்கள்: எந்த முறையில் கற்பிக்கச் சொல்கிறோமோ, அந்த முறையிலேயே ஆசிரியர் முதலில் கற்க வேண்டும். செயல்வழிக் கற்றலைப் பற்றி மூன்று மணி நேரம் பவர்பாயிண்ட் போட்டுப் பேசும் பயிற்சியாளரை உங்கள் கல்லூரிக்கு அழைக்காதீர்கள்.

பயிற்சிக்கூடத்தில் ஒரு விதியை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: பயிற்சியாளர் யாருடைய மவுசையும் தொடக்கூடாது. ஒரு கல்லூரியில் வணிகவியல் பேராசிரியை ஒருவர், ஓய்வுக்கு மூன்று ஆண்டு இருந்தது, ஒவ்வோர் அடியையும் நோட்டில் எண்ணிட்டு எழுதிக்கொண்டே வந்தார். கடவுச்சொல் எழுதிய துண்டுச்சீட்டு இடது கையில் இருந்தது. முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாகத் தட்டச்சு செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. மூன்று முறை தவறானது. உதவிக்கு வந்த இளைஞர், 'கொடுங்க மேடம், நான் போட்டுத் தரேன்' என்று மவுசை வாங்கி அரை நிமிடத்தில் முடித்துவிட்டார். அம்மையார் நன்றி சொன்னார். நோட்டை மூடி வைத்தார். பிற்பகல் முழுவதும் அவர் எதையும் எழுதவில்லை. அந்த இளைஞர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். இருந்தாலும், வாழ்நாள் முழுதும் கற்பித்த ஒருவரிடம் இது உங்களால் ஆகாது என்று அந்தக் கை சொல்லிவிட்டது. அருகில் நின்று வாயால் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும்.

வாராந்திர ஒரு மணி நேரத்துக்கு இப்போது வருகிறேன். அதை உரைக்குப் பயன்படுத்தாதீர்கள். 14 பேரும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சென்ற வாரம் வகுப்பில் செய்தது என்ன, எங்கே இடறியது என்று பேசட்டும். முதல் மூன்று வாரங்களில் மாணவர் லாக்இன் ஆக முடியவில்லை, இணையம் நின்றது போன்ற குறைகள்தான் வரும். அவற்றை உடனுக்குடன் தீர்க்க ஒரு ஆய்வக உதவியாளரைக் கையருகே வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இந்த மூன்று வாரத்தில் அலுத்துப்போகிறவர் திரும்பி வருவதில்லை. நான்காவது, ஐந்தாவது வாரத்தில்தான் பேச்சு பாடத்தைப் பற்றித் திரும்பும். இடையிடையே துறை இணையர் இருவரும் ஒருவர் வகுப்பில் மற்றவர் பின்வரிசையில் அமர்ந்து பார்க்கட்டும். அதற்கு எந்தப் படிவமும் மதிப்பெண்ணும் வேண்டாம். துறைத்தலைவருக்கு அறிக்கையும் போகக்கூடாது.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரமும், உங்களைப் போன்ற இணைப்பேராசிரியருக்கு 14 மணி நேரமும் நேரடிக் கற்பித்தல் உண்டு. அதற்குமேல் தேர்வுப்பணி, சேர்க்கைப்பணி, நாட்டு நலப்பணித் திட்டம், கோப்பு வேலைகள். இத்தனைக்கும் மேலே இன்னொரு மணி என்றால் அது நடக்காது. அந்த 14 பேருக்கும் அந்தப் பருவத்தில் ஏதேனும் ஒரு குழுப்பொறுப்பிலிருந்து விலக்குக் கொடுக்கும்படி முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். வாங்க முடியாவிட்டால் 14 பேரை எட்டாகக் குறையுங்கள், ஆனால் விலக்கு இல்லாமல் தொடங்காதீர்கள்.

முதல்வரிடம் கேட்க வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் கல்லூரியில் மாணவர்கள் வகுப்புக்குக் கைபேசி கொண்டுவர அனுமதி உண்டா? நம் கல்லூரிகள் பலவற்றில் கிடையாது. கைபேசி வழி வினாடி வினா நடத்த ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, வாசலிலேயே கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டால் அந்தப் பயிற்சிக்குப் பொருள் இல்லை. குறிப்பிட்ட வகுப்புகளுக்கு விலக்கு கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் வழி உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் வளர்த்த முறையில், ஆசிரியர் ஒரு கருத்துவினாவைக் கேட்கிறார், மாணவர்கள் தனித்தனியே விடையைத் தேர்கிறார்கள், பக்கத்தில் இருப்பவரோடு வாதிடுகிறார்கள், மறுபடி தேர்கிறார்கள். இதற்கு நான்கு வண்ண அட்டைகளே போதும். பிளிக்கர்ஸ் என்ற செயலியில் மாணவர்கள் அச்சிட்ட அட்டையைத் திருப்பிப் பிடித்தால், ஆசிரியரின் ஒரே கைபேசி எல்லா விடைகளையும் படம்பிடித்துக் கணக்கிட்டுவிடும். ஒரு தொகுப்பில் 63 அட்டைகள் வரை அச்சிடலாம் என்பதால் நம் பெரிய வகுப்புகளுக்கும் பொருந்தும். மாணவர்கள் வீட்டில் இணையம் இல்லாத நிலைக்கு மூடிலின் கைபேசிச் செயலியில், கல்லூரி வைஃபையில் பதிவிறக்கிக்கொண்டு இணையமின்றி வினாக்களுக்கு விடையளிக்கும் வசதி இருக்கிறது. வினாடி வினா அமைப்பில் ஆசிரியர் அதற்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும். பலர் அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை.

நாக் குழுவைப் பற்றிய கவலை நியாயமானது. கற்பித்தலும் கற்றலும் அந்த மதிப்பீட்டில் முக்கியமான அளவுகோல்தான். 140 கையொப்பமும் குத்துவிளக்குப் படமும் உள்ள கோப்பைவிட, விடைத்தாளில் கண்ட பிழை, அதற்காக அமைத்த வினா, மாணவர்கள் தேர்ந்த விடைகள், அதன்பின் வகுப்பில் செய்த மாற்றம், அடுத்த தேர்வின் விடைத்தாள் என்று ஆசிரியர் ஒருவருக்கு நான்கைந்து பக்கங்களில் இருக்கும் கோப்பு அந்தக் குழுவின் முன் நிற்கும் என்று முதல்வரிடம் உறுதியாகச் சொல்லுங்கள். குழு உறுப்பினர்களும் ஆசிரியர்கள்தாம். அவர்கள் துறைக்கு வந்து பேசும்போது, நடந்ததைத் தாமே சொல்லக்கூடிய 14 பேர் அங்கே இருப்பார்கள்.

சான்றிதழை ஜூனில் கொடுக்காதீர்கள். நவம்பரில், பருவத் தேர்வு தொடங்கும் முன், அந்தக் கோப்பை ஒப்படைத்தவர்களுக்கு மட்டும் கொடுங்கள். இரண்டாம் பருவத்துக்கான அடுத்த அணியை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம். முதல் 14 பேரும் தத்தம் துறையிலிருந்து ஆளுக்கு இருவரைத் தாமே அழைத்து வரட்டும். அப்போது வாராந்திர மேசையை நடத்த வெளியிலிருந்து யாரும் வரவேண்டியிராது. இந்த ஜூனில் தொடங்குவதானால், விடைத்தாள் கட்டுகளைத் தேர்வுப் பிரிவினர் கழித்துவிடும் முன் இப்போதே சொல்லி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.